மை டப்பாவை நீட்டிய நாள்

நாற்பத்தாறு வயதில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறேன். தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் பள்ளிக்கூடத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் ஆய்வு. நானும் தோட்டத் தொழிலாளரின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். அவர்களை எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

டிக்கோயாவில் ஒரு தோட்டம். மத்தியானம், கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையருகே செல்வராணி அக்காவைச் சந்தித்தேன். அவருடையது என் கடைசிப் பேட்டி. அது முடிந்தால் எழுத உட்கார்ந்துவிடலாம். ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கூடவே, எதுவும் கேட்காமல், கைநாட்டு வைக்க மை டப்பாவையும் திறந்து வைத்தேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கறை படிந்த விரலை வரி வரியாக நகர்த்தி இரண்டு பக்கங்களையும் வாசித்தார்.

"சேர், விருப்பமில்லன்னா காரணம் சொல்லாமலே விலகிக்கலாம்னு போட்டிருக்கே, நெசந்தானா?"

"நெசந்தாங்க அக்கா."

"அப்ப நான் விலகிக்கிறேன்."

படிவத்தை மடித்து என் கையிலேயே தந்தார். பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "டப்பாவ மூடுங்க சேர், மை காஞ்சிறப் போவுது!"

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க, மலைக்கு நேரமாச்சு" என்று கூடையை மாட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

விலகலாம் என்ற அந்த வரியைப் பல்கலைக்கழகம் கேட்டதால்தான் சேர்த்திருந்தேன். அதை யாராவது வாசிப்பார்கள் என்று எண்ணியதில்லை. அதுவரை பத்தொன்பது பேரிடம் கைநாட்டு வாங்கியிருந்தேன். வாசிப்பீங்களா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் புதிய படிவங்களோடும் ஒரு பேனாவோடும் முதல் லயத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். அந்தப் பத்தொன்பது ரேகைகளுக்கு அடியில் எத்தனை கையெழுத்துகள் இருந்தனவோ!