சமமாக்கிய தரை

வழிகாட்டி வேலைக்கு நல்ல குரல் வேண்டும், தேயாத கால் வேண்டும்; வரலாறு மட்டும் கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். நான் வரலாறு எம்.ஏ. படிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் புதுச்சேரி நகருக்கு நடுவே உள்ள ஒரு பழைய மாதா கோவிலைச் சுற்றுலாக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டி வந்தேன். நெல்லித்தோப்பிலிருந்து எங்கள் குடும்பம் பூசைக்கு வருவதும் அதே கோவிலுக்குத்தான். சம்பளத்துக்காக வாயைத் திறந்து, அதே சம்பளத்துக்காக வாயை மூடிக்கொண்டவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன்.

வேறு நிறத்தில் ஒரு பட்டை

ஆங்கிலேயர் ஊரை இடித்தது, கோவிலை மறுபடி மறுபடி கட்டியது, சுண்ணாம்புக் காரையில் எழுந்த வளைகூரை, எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்டுத் தலையாட்டுவார்கள். வடக்குப் பக்கத் தூண்களிடம் வந்ததும் யாராவது ஒருவர் தடுக்குவார். தூணுக்குத் தூண் நீளமாக ஒரு பட்டை. அங்கே மட்டும் தரை சற்று மேடு, கல்லும் வேறு நிறம்.

"ரிப்பேரா?" என்றார் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர். "இல்லை சார், சுவர் இருந்த இடம். அந்தப் பக்கம் தலித்துங்க, எங்க ஆளுங்க. இந்தப் பக்கம் மத்தவங்க. அங்கிருந்து பீடம் தெரியாது. மணிச் சத்தம் கேட்டுத்தான் முழங்கால் போடுவாங்க" என்றேன். "ஐயோ பாவம்" என்றார். பிறகு சொன்னார்: "அது இருக்கட்டும்மா, கலர் கண்ணாடி எந்தப் பக்கம்? வெயில் போறதுக்குள்ள போட்டோ எடுத்துடணும்."

முசியேயின் நியாயம்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம்; கூப்பிடும்போது முசியே, அதாவது ஐயா. அப்படி ஒரு தமிழ் முசியே பேரப்பிள்ளைகளோடு வந்தார். வாயாடுவது எனக்குப் பிடிக்கும். சமத்துவம் பேசிய பிரெஞ்சு ஆட்சியில் கோவிலுக்குள் சுவர் எப்படி முசியே நின்றது என்று மடக்கினேன்.

அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "எகாலித்தே, சமத்துவம்னு எழுதறதெல்லாம் ஆபீஸ் வாசல்லம்மா. இங்க சாமியாருங்க என்ன பண்ணுவாங்க? சுவர் இல்லன்னா பெரிய வீட்டுக்காரங்க பூசைக்கு வரமாட்டாங்க. அவங்க வரலன்னா, கோவிலுக்கு மணி யாரு வாங்கித் தருவா?"

தனி இருக்கை வசதி

வழிகாட்டிப் பெண் மூடைக் கெடுத்துவிட்டாள் என்று யாரோ இணையத்தில் எழுதிவிட்டார்கள். சுற்றுலாக் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, டீ எல்லாம் வரவழைத்தார். இந்தச் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன் என்பது அவருக்கும் தெரியும்.

"சுவர்னு ஏம்மா சொல்ற? 'அந்தக் காலத்திலேயே தனி இருக்கை வசதி இருந்தது'ன்னு சொல்லிப் பாரேன், கேக்க எவ்ளோ நல்லா இருக்கு! இன்னொரு தரம் கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, நீ வேற வேலை பாத்துக்க."

சமம்

கோவில் தரையைப் புதுப்பிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் டேப்பை இழுத்து அளந்துகொண்டிருந்தார். அந்தப் பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள், பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள் என்று போய் நின்றேன். "சுவரை இடிச்சவங்க வெக்கப்பட்டு இந்த அடையாளத்தையாவது விட்டு வெச்சாங்க சார். உங்களுக்கு அதுகூட இல்லியா?"

அவர் கோபப்படவே இல்லை. வேலையாட்கள் சிரிக்கச் சிரிக்க அவர் சொன்னார்: "நாங்க தரையைச் சமமாக்கறோம்மா. சமம் சமம்னு கத்தற நீயே வந்து குறுக்க நிக்கறியே!"

புதுத் தரை

சுவருக்குச் சுவர் ஒரே கல், ஒரே வழவழப்பு. பட்டை போன இடம் தெரியவில்லை. புதுத் தரையில் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. அம்மா எப்போதும் வடக்கு வாசல் வழியாக நுழைந்து, தூணுக்குப் பின்னால்தான் உட்காருவாள். கேட்டால், அங்கேதான் காற்று வருகிறது என்பாள். அன்று நடுவில் முன் பெஞ்சில் இடம் இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

வந்தாள். பட்டை இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். ஒரு விரற்கடைகூடத் தப்பவில்லை. "இங்க ஒண்ணுமே இல்லம்மா, கீழ பாரு" என்றேன். அவள் கீழே பார்க்கவில்லை. முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்த இரண்டு பேரைப் பார்த்தாள். என் கைக்குள்ளிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "கல்லை மாத்திட்டாங்க, சரிடி. அவங்க திரும்பிப் பாக்கறாங்களே, அதுக்கு என்ன பண்ணுவ? நீ போய் உக்காரு, நான் மணிச் சத்தம் கேட்டுக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை அந்த வழவழப்பின் மேல் நின்று சுற்றுலாக்காரர்களிடம் சுவரிலிருந்து அம்மா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன், சாயங்காலமே வேலை போய்விட்டது. தூண் மட்டும் அம்மாவுக்கு முன்னால் அப்படியே நிற்கிறது, அதைச் சமமாக்க எந்தக் கமிட்டியும் இன்னும் டேப்பை எடுக்கவில்லை.