சரசுவும் சார்ஜ் அலாரமும்

ஜங்லிகாட் மீன்பிடித் துறைமுகத்தில் சரசுவுக்கு எஞ்ஜின்காரி என்று பெயர். பாதிப் பேர் மெச்சிச் சொல்வார்கள், மீதிப் பேர் நக்கலாகச் சொல்வார்கள். இரண்டையும் அவள் சட்டை செய்வதில்லை. வடக்கே இன்னொரு தீவில், ரங்கத் ஊரில் பிறந்தவள், ஜம்புலிங்கத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவன் போட் கட்டும் ஜெட்டியில் வழுக்கி விழுந்து முதுகைக் கெடுத்துக்கொண்ட வருஷம், எஞ்ஜின் குழிக்குள் குனிய ஆளில்லாமல் போட் சும்மா கிடந்தது. "நான் இறங்குறேன்" என்றாள். அன்றிலிருந்து சுக்கான் அவனுக்கு, டீசல் எஞ்ஜின் அவளுக்கு.

கொழுந்தன் குணாவுக்கு இது கண்ணை உறுத்தியது. அந்த இடத்துக்கு அவன் ரொம்ப நாளாகக் குறி வைத்திருந்தான். ஆயுத பூஜை முடிந்த கையோடு, பாட்டரிக்குச் சார்ஜ் ஏறாவிட்டால் கத்துகிற சார்ஜ் அலாரம் கூவ ஆரம்பித்ததும் அவனுக்கு ஒரே கொண்டாட்டம்.

பொல்லாத அலாரம் அது. கடலில் கூவும், கரைக்கு வந்து பார்த்தால் ஊமையாகிவிடும். சரசு பெல்ட்டை இறுக்கிப் பார்த்தாள். பாட்டரி முனைகளைத் தேய்த்துப் பார்த்தாள். சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி ஒர்க்ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே அது சமர்த்தாக ஓடிக் காட்டி அவள் மானத்தை வாங்கியது.

"பொம்பளை தொட்ட எஞ்ஜின் அண்ணே, அப்படித்தான் கத்தும்" என்றான் குணா, அவள் காதில் விழும்படி. "இன்னொரு தடவை அடிச்சா மதினி வீட்டோட இருக்கட்டும். நான் வர்றேன்."

"தீக் ஹை, சரி பார்ப்போம்" என்றான் ஜம்புலிங்கம், தீவில் புழங்கும் இந்தி கலந்து. அவ்வளவுதான். சரசுவுக்கு அதுதான் சுட்டது. குணா பேசுவான், அவன் குணம் தெரிந்ததுதான். இவர் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்?

மறுநாள் மீன் பிடித்துவிட்டு மத்தியானம் திரும்பும்போது, ஒரு தீவின் பாறை ஓரத்தில் அலாரம் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. சரசு குழிக்குள் இறங்குவதற்குள் எஞ்ஜினே நின்றுவிட்டது.

"சாவியைத் திருப்புங்க!"

டக் என்று ஒரு சத்தம். எஞ்ஜின் அசையவில்லை. மறுபடி திருப்பினான். மறுபடியும் வெறும் டக்.

"சரசு, அலை பாறைப் பக்கம் தள்ளுது. இங்க நங்கூரம் பிடிக்காது, அவ்வளவு ஆழம். ஜல்தி, சீக்கிரம் பாரு!" அவன் குரல் நடுங்கியது. அந்தக் குரலில் நடுக்கத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

பாறையில் அலை உடைவது குழிக்குள்ளேயே கேட்டது. எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். பாட்டரியிலிருந்து வரும் கறுப்பு எர்த் வயர் எஞ்ஜினோடு சேருகிற போல்ட்டில் கை பட்டதும் சுரீரென்று சுட்டது. பாட்டரி செத்திருந்தால் இது இப்படிச் சுடாது. கரண்ட் இருக்கிறது, போக வழியில்லாமல் இங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. டீசலைத் திறந்துவிடும் வால்வுக்கும் அது போய்ச் சேரவில்லை.

ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினாள். வயர் வளையத்துக்கு அடியில் பளபளவென்று பச்சை பெயின்ட்.

அவள் அடித்த பெயின்ட். ஆயுத பூஜைக்கு எஞ்ஜினைக் கழுவி, புதுப் பச்சை பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்தவள் அவள்தான். சாமியாகக் கும்பிடப் போகிற பொருளில் ஒரு இடம்கூட மூளியாக இருக்கக் கூடாதென்று, இந்த போல்ட்டையும் கழற்றி, அடியில் பூசி, காயவைத்து மாட்டியிருந்தாள். இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் அவள் பக்தி குறுக்கே நின்றுவிட்டது. கடலில் எஞ்ஜின் அதிரும்போதெல்லாம் தொடுப்பு விட்டுப்போய் அலாரம் கூவியது இதனால்தான்.

"சரசு!"

மீன் கத்தியை எடுத்துச் சுரண்டினாள். விரல் கிழிந்தது, விடவில்லை. வெள்ளை இரும்பு தெரிந்ததும் வயரை வைத்து முறுக்கினாள்.

"ஸ்டார்ட் அடிங்க!"

எஞ்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. போட் திரும்பும்போது நுரை மேலே தெறித்தது. பாறை அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"என்ன கோளாறு?" என்று கேட்டான் ஜம்புலிங்கம், மூச்சு வாங்க.

போல்ட் லூஸ் என்று சொன்னால் போதும். சுரண்டிய பெயின்ட் குழித் தண்ணீரோடு போய்விட்டது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் பூஜைக்கு அடிச்ச பெயின்ட்டுங்க. எர்த் போல்ட்டுக்கு அடியிலயும் அடிச்சிருக்கேன்."

அவன் சுக்கானைப் பிடித்து நேரே கரையைப் பார்த்து ஓட்டினான். தன் இடம் போயிற்று என்று சரசு முடிவுகட்டி, ஸ்பேனர்களைத் துடைத்து டப்பாவில் அடுக்கினாள்.

ஜெட்டியில் குணா காத்திருந்தான். "அலாரம் அடிச்சுதா அண்ணே?"

"அடிச்சுது. அவ அடிச்ச பெயின்ட்டாலதான்."

குணா பல்லெல்லாம் தெரியச் சிரித்து, போட்டுக்குள் குதித்து டப்பாவில் கை வைத்தான்.

"வை அதை" என்றான் ஜம்புலிங்கம். "பாறைக்குப் பக்கத்துல அதைக் கண்டுபிடிச்சுச் சுரண்டுனவளும் அவதான். நீ வந்திருந்தா இந்நேரம் நம்ம ரெண்டு பேரையும் தேடிக்கிட்டு இருப்பாங்க."

குணா போன பிறகு சரசு கேட்டாள்: "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நேத்து நானும் உன்மேல சந்தேகப்பட்டேன், சரசு."

அவள் அழவில்லை. கனமான டப்பாவைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். அவனுக்கு முதுகு வலிக்குமே என்று அன்று ஒரு நாள் அவள் பார்க்கவில்லை.