திறக்காத ஹேட்ச்

டாங்கி தீப்பிடித்தால் குதித்துவிட வேண்டும். டிரைவருக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் எங்கள் டாங்கியில் குண்டு விழுந்து புகை கிளம்பியதும், நானும் ஒழுங்காகக் குதிக்கத்தான் பார்த்தேன். தலைக்கு மேலிருந்த ஹேட்ச், அதாவது நான் வெளியேறும் மூடி, நாலு விரல் உயர்ந்து நின்றுவிட்டது. பீரங்கிக் குழாய் சரியாக அதன்மேல் வந்து நின்றிருந்தது.

கமாண்டரும் குண்டு நிரப்பும் லோடரும் மேல்வழியாகக் குதித்துவிட்டார்கள். மிச்சம் நானும், தொடையில் அடிபட்ட, பீரங்கியைத் திருப்பிச் சுடும் கன்னர் பெருமாளண்ணனும். அவருக்கு வல்லக்கோட்டை, எனக்குப் பக்கத்து ஊர்.

"ண்ணா, குழாய கொஞ்சம் ஒதுக்குண்ணா. கையால சுத்துற புடி கீதுல்ல?"

"அது சுத்த மாட்டேங்குதுடா. என்னை வுட்டுட்டுப் பூடாதடா."

"போவலண்ணா," என்றேன். எப்படிப் போவேன்? நல்லவேளை, இன்ஜின் ஓடியது. வண்டியைத் திருப்பி நம் ஆட்களிடம் கொண்டுவந்து சேர்த்தேன்.

அவர் பிழைத்தார். எனக்குப் பதக்கம் கிடைத்தது. 'இருக்கையை விட்டு அகலாத துணிச்சல்' என்று எழுதியிருந்தார்கள். அகல முடியவில்லை என்று திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிற்பாடு ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கேட் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றேன். இந்த வருஷம் பாதுகாப்பு வார விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பெருமாளண்ணனையும் வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம்தான் சார், ஷிஃப்ட் மாறணும். கொஞ்சம் வீரமா பேசுங்க," என்றார் எச்.ஆர். பெண்.

எமர்ஜென்சி வழியை மறித்துப் பெட்டி அடுக்காதீர்கள் என்று சொல்ல வந்தவன், பேச்சுவாக்கில் ஹேட்ச் கதையையும் உளறிவிட்டேன். அரங்கமே சிரித்தது. பெருமாளண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்காகத்தான் நான் டாங்கியை விட்டுக் குதிக்காமல் இருந்தேன் என்று அம்பது வருஷத்துக்கு மேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். எனக்கு வெட்கமாகிவிட்டது.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கண்ணா," என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. மூடி குழாய்ல இடிச்ச சத்தம் மூணு வாட்டி கேட்டுச்சு, அப்புறந்தான குழாய ஒதுக்கச் சொன்ன?"

"அப்ப ஏண்ணா சொல்லல?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கையால சுத்துற அந்தப் புடி நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"மூடி தொறந்திருந்தா போயிருப்பியாடா?"

"தெரியலண்ணா."

"எனக்கும் தெரியல. அதான் சுத்தல."