அவர் சாயும் பக்கம்

குத்துச்சண்டைக் கூடத்தில் அவருக்குக் 'காத்து' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வேறொன்று உண்டுதான். அது அடையாள அட்டையில் தனியாகக் குடியிருந்தது. காற்றைக் குத்தப் போனால் என்ன ஆகும்? குத்தியவன்தான் தடுமாறி விழுவான். அவர் எதிரே நின்றவர்களுக்கெல்லாம் அதுதான் நடந்தது.

பகலில் மெத்தைக் கடையில் பஞ்சு அடைப்பார். மாலையானால் கூடத்துக்குப் போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வளையத்துக்குள் ஏறுவார். போட்டிக்குத் தயாராகிறவர்கள் குத்துவார்கள். இவர் தப்ப வேண்டும். திருப்பி அடிப்பது இவர் வேலையில்லை. தலையை ஒரு சாண் சாய்ப்பார், குத்து காதோரமாகப் போய்விடும். முழங்கையை இறக்கி விலாவை மூடுவார், முட்டியை மடக்கிக் குத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுவார். இருபத்தாறு வருடத்தில் மூக்கு உடையவில்லை, ஒரு பல் ஆடவில்லை. இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

"எப்படிண்ணே தெரியுது?" என்று யாராவது கேட்டால், "கையப் பாக்காத, தோளப் பாரு. தோள் அசையாம கை வராது" என்பார். அதற்குமேல் ரகசியம் எதுவுமில்லை.

ஆனால் வீட்டில் இருப்பவள் குத்துச்சண்டைக்காரி இல்லையே. அவர் மனைவி தையல்காரி. நாள் முழுக்க மெஷினில் குனிந்திருப்பவள். துணியைத் தள்ளுவது, திருப்புவது, நூலை அறுப்பது எல்லாம் மணிக்கட்டிலேயே நடக்கும். தோள் இருந்த இடத்தில் இருக்கும்.

கல்யாணமான மூன்றாம் நாள், கடையிலிருந்து வந்தவரின் இடது கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் எடுத்துவிடக் கையை நீட்டினாள். தோள் காட்டிக்கொடுக்காத கை திடீரென்று கண்ணெதிரே வந்ததும் அவர் தலை தானாக விலகிவிட்டது. அவள் கை அந்தரத்தில் நின்றது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது அது வேடிக்கை.

பிறகு ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தாள். நூற்றிரண்டு டிகிரிக் காய்ச்சலிலும் தலை ஒதுங்கியது. மகள் பிறந்து, கைக்குழந்தையாக அவர் மூக்கைப் பிடிக்க எட்டியபோதும் அதே கதைதான். குழந்தைக்கு அது விளையாட்டு, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே துரத்தும். மனைவி துரத்தவில்லை. மெல்ல மெல்லக் கையை நீட்டுவதை விட்டுவிட்டாள். "கன்னத்துல பஞ்சு" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்புவாள். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை எடுத்துக் கையில் கொடுப்பாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக நடந்தது. அதுதான் அவரை அரித்தது.

மகள் கல்யாணமாகிப் போனதும் வீடு கப்சிப் என்றாகிவிட்டது. ஒருநாள் பேருந்தில், முன் இருக்கையில் ஒரு வயதான தம்பதி. கிழவர் எதையோ தின்று வாயோரம் ஒட்டவைத்திருந்தார். அந்த அம்மாள் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். கிழவர் ஜன்னலைப் பார்த்தபடி முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார், அது பெரிய விஷயமே இல்லை என்பதுபோல. காத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தே வந்தார். மனைவியின் கை தன் முகத்தில் படவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் ஐம்பது வயதில் அதை எந்த வாயால் கேட்பது? ஒருவேளை அவளுக்கே இப்போது ஆசை விட்டுப்போயிருந்தால்?

மறுநாள் கூடத்தில் கோச்சைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கன்னத்துல மெதுவா ஒரு தட்டு தட்டுப்பா. நகராம நிக்கறேன்."

கோச் ஏற இறங்கப் பார்த்தார். ஆறு முறை தட்டினார். ஆறு முறையும் காற்றைத்தான் தட்டினார்.

"இந்தத் தலைய நகர வைக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு. இப்ப நிக்க வைக்கணுமா? உனக்கு என்னய்யா ஆச்சு?"

அவர் அசடு வழிந்துவிட்டு வந்தார். விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பியதும், பழைய காலுறையில் வெட்டுத்துணிகளை அடைத்துக் கூரைக் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். ஆட்டிவிட்டு எதிரே நின்றார். வந்தது, விலகினார். மறுபடி வந்தது, மறுபடி விலகினார். பல்லைக் கடித்தார், கண்ணை மூடினார், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். கடைசியில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, காலுறை வந்து கன்னத்தில் பொத்தென்று பட்டது. ஏதோ கோப்பையை வென்றவர்போல மூச்சு வாங்கினார்.

"என்னங்க பண்றீங்க?"

மறந்துபோன அளவு நாடாவை எடுக்கத் திரும்பி வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக வாசலில் நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"நகராம நிக்கப் பழகறேன்."

"இருபத்தாறு வருஷமா நகரத்தானே பழகினீங்க. இது எதுக்கு?"

பொய் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"உன் கைக்கு."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு முகத்தத் தொட்டா பிடிக்காதுன்னு நெனச்சேங்க" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீயும் கேட்டிருக்கலாமே."

"வாய் இருக்கு உங்களுக்கு, சரியான நேரத்துல மட்டும் திறக்காது" என்று கிட்டே வந்தாள். "நில்லுங்க. பஞ்சு இருக்கு."

வலது கை இடது கன்னத்துக்கு வந்தது. அவர் நிற்கத்தான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். தலை கேட்கவில்லை, வலது பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த இடத்தில் அவளுடைய இடது கை முன்னாலேயே வந்து காத்திருந்தது. கன்னம் நேராக உள்ளங்கையில் போய் விழுந்தது.

"எப்பவும் இந்தப் பக்கம்தான் சாய்வீங்க. மூணாம் நாளே தெரியும் எனக்கு."

கூடத்தில் இத்தனை வருடம் ஒருவருக்கும் பிடிபடாதது. ஊசி பிடித்துத் தடித்த விரல்கள் கன்னத்தில் சொரசொரவென்று இருந்தன. இன்னொரு கையும் வந்து சேர்ந்துகொண்டது. இனி ஒதுங்க எந்தப் பக்கமும் இல்லை. அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள், பார்க்காததுபோல் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

அன்று கடைக்கு விடுமுறை. முகத்தில் பஞ்சு இருக்க வழியே இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை.