கலர் திரைக்கு எழுதியது

மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அந்த நீல நிற பிளாப்பி கையில் அகப்பட்டது. லேபிளில் 'உங்களுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. இந்த விவேக் நகர் வீட்டில் குக்கரையும் டிவியையும் விட்டால் என்னோடு பேச ஆளில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை.

கொடுத்தவர், முப்பது வருஷத்துக்கும் முன்பு அடுகோடி ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரர். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். கம்ப்யூட்டர் திரையில் படம் வரையும் புரோகிராம்கள் எழுதுவது எங்கள் வேலை. ஆபீஸுக்கே ஒரு கலர் திரைதான்; அது அவருக்கு. எனக்குக் கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு புள்ளியையும் வைக்கச் சொல்லி மெஷினிடம் முறைப்படி கேட்டால், ஒரு வட்டம் முடிவதற்குள் டீ ஆறிவிடும். அவர் கேட்க மாட்டார். திரைக்கென்று மெமரியில் ஓர் இடம் உண்டு. அங்கேயே நேராக எழுதிவிடுவார். வட்டம் சட்டென்று வந்து நிற்கும். "எதுக்குங்க கேட்டுக்கினு? நேரா போய் எழுதுங்க" என்பார். மெஷினிடம்தான் அந்தத் துணிச்சல். என்னிடம் டீ வேண்டுமா என்று கேட்க இரண்டு தரம் தொண்டையைக் கனைப்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நானும்தான் சொல்லவில்லை.

வெளிநாட்டு வேலை கிடைத்து அவர் ஆபீஸை விட்டு விலகிய கடைசி சனிக்கிழமை, "நான் போனப்புறம் போட்டுப் பாருங்க, இன்னிக்கே" என்று பிளாப்பியை நீட்டிவிட்டு ஓடினார். போட்டேன். ஒன்றுமே வரவில்லை, கர்சர் மட்டும் சிமிட்டியது. முன்பு ஒருமுறை என் திரையில் எழுத்தெல்லாம் பொலபொலவென உதிரும்படி செய்து சிரித்த மனுஷன். போகிற நாளிலுமா கேலி? எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! பிளாப்பியைப் பையில் எறிந்துவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள், ஞாயிறு தவறாமல் போகும் சர்ச் மாலைப் பூசைக்குக்கூடப் போகாமல், தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

இன்று எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பிளாப்பி படிக்கும் கருவி ஒன்று வாங்கி வந்தேன். பழைய மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராமை லேப்டாப்பில் ஏற்றி, அதில் ஓட்டினேன். ரோஸ் நிறத்தில் தமிழ் எழுத்துகள் வந்தன. அந்தக் காலத்தில் மெஷினில் தமிழ் ஏது? ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக அவரே கோத்திருந்தார்.

'நாளை மாலை ஆறு மணிக்கு உங்கள் கோயில் வாசலில் நிற்பேன். விருப்பம் இருந்தால் வாருங்கள். வராவிட்டால் அப்புறம் கேட்க மாட்டேன்.'

அட ஆண்டவரே! கலர் திரைக்கு மெமரியில் ஓர் இடம், கறுப்பு வெள்ளைக்கு வேறோர் இடம். அவர் தன் திரையின் இடத்திலேயே எழுதியிருக்கிறார். என் திரைக்கு அது வரவே வராது; இந்த லேப்டாப்போ கலர் திரை. எல்லாம் தெரிந்த மனுஷனுக்கு அன்றைக்கென்று புத்தி தடுமாறியிருக்கிறது. அவரை மட்டும் சொல்வானேன்? அவருடைய மெஷின் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அதில் ஒருமுறை போட்டுப் பார்க்க என் வீம்பு விடவில்லை.

சொன்னபடியே அவர் அப்புறம் கேட்கவில்லை. கடிதம்கூட இல்லை.

பிளாப்பியை மறுபடி இழுப்பறையில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கோயிலுக்கு நடந்தால் பத்து நிமிடம். அங்கே யாரும் நிற்கப்போவதில்லை என்று தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினேன்.