கட்டிக்காத மாமன்

சண்முகசுந்தரி பள்ளி இறுதி வகுப்பில் தேறிய வருஷம் 1957. பழனியில் அவள் வீட்டில் அப்போது பேச்செல்லாம் கல்யாணம்தான். அப்பா இல்லாத பெண். அம்மா கண்மணியின் தம்பி வேலப்பன் கோடைக்கானல் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தான். முறைமாமன் இருக்கும்போது வெளியில் மாப்பிள்ளை தேடுவானேன் என்று உறவெல்லாம் நினைத்தது. சுந்தரிக்கோ ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஆசை. அதை அவள் சொன்னது வேலப்பனிடம் மட்டும்தான்.

நாள் குறிக்கக் கூடியிருந்த இடத்தில் அவன் வாய் திறந்தான்.

"நான் கட்டிக்கல, அக்கா. புள்ள படிக்கட்டும்."

"அப்ப அவளுக்கு யாருடா பொறுப்பு?"

"நாந்தேன். கட்டிக்கிட்டாத்தேன் பொறுப்பா?"

கண்மணி விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுகாலம் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மகளைத் தடுக்கவும் இல்லை. அப்பாவின் அண்ணன், பெரியப்பா இராமலிங்கம்தான் சுந்தரியைத் திண்டுக்கல்லில் பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடுமுறைதோறும் தன் கடையை அடைத்துவிட்டுப் போய் அழைத்து வந்தார்.

படிப்பு முடிந்து கோடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டிப் பள்ளியில் வேலை கிடைத்தது. கன்னிப்பெண் தனியாக எங்கே தங்குவது? வேலப்பன் தன் வீட்டுக்கே அழைத்துப் போனான். அதற்குள் அவனுக்கும் கல்யாணமாகியிருந்தது. மனைவி அழகம்மாள் சோறு போட்டாள், படுக்கை விரித்தாள், பேசத்தான் இல்லை. தன் புருஷனுக்கென்று பேசி வைத்திருந்த பெண் அல்லவா வந்து நிற்கிறது.

சுந்தரிக்கு அந்த மௌனம் மலைக்குளிரைவிடக் கடுமையாக இருந்தது.

"அத்தை, நான் வேற இடம் பாத்துக்கிறேன்" என்றாள் ஒரு நாள்.

அழகம்மாள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினாள். "போனா ஊரு என்னையத்தேன் பேசும். வெந்நில இருந்து கம்பளி வரைக்கும் எல்லாம் அவுககிட்டயே கேக்குறியே, இந்த வீட்டுல நான் யாரு? இனிமே எதுன்னாலும் எங்கிட்ட கேளு."

பயத்தில் அவளிடம் எதுவும் கேட்காமல் இருந்தது இப்படி ஆகும் என்று சுந்தரி நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து தலைக்கு எண்ணெய்கூட அத்தையிடம்தான் கேட்டாள். கொஞ்ச நாளில் அழகம்மாள் தன் புருஷனைப் பற்றிய குறைகளையெல்லாம் அவளிடமே சொல்லி ஆற்றிக்கொள்ள ஆரம்பித்தாள்.

1964-இல் ஞானவேல் என்ற ஆசிரியர் வீட்டார் பெண் பார்க்கக் கோடைக்கானலுக்கு வந்தார்கள். அழகம்மாள்தான் பேச்சை எடுத்தாள்.

"சுந்தரி வேலைய விடாதுங்க. சம்மதம்னா மேக்கொண்டு பேசலாம்."

மாப்பிள்ளையின் அப்பா வேலப்பனைப் பார்த்தார். "வீட்ல சொல்றதுதேங்க" என்றான் அவன். ஞானவேல் தயங்கவில்லை. "எனக்குச் சம்மதங்க" என்றான்.

பழனியில் கல்யாணம். பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்ப்பதாக ஏற்பாடு. நேரம் நெருங்கியபோது, கைம்பெண் என்று ஒதுங்கியிருந்த கண்மணி சபை நடுவில் வந்து நின்றாள்.

"மச்சான் தப்பா நெனைக்கக் கூடாது. எந்தம்பியும் அழகும் தாரை வார்க்கட்டும்."

இராமலிங்கம் தலையாட்டிவிட்டுத் தானே செம்பை எடுத்து அழகம்மாள் கையில் கொடுத்தார். வேலப்பன் சுந்தரியின் கையைத் தாங்கினான். அழகம்மாள் நிதானமாக நீரை ஊற்றினாள்.