பிரித்துத் தைத்த சட்டைகள்

டைலரக்காவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கடைக்கு வருகிற பெண் "நல்லா இருக்கீங்கக்கா" என்றால், அதில் குத்தல் எங்கே இருக்கிறது என்று அரைமணி நேரம் தேடுவாள். எதிர்க்கடை வாசலில் இரண்டு பேர் சிரித்தால் அது தன் இடுப்பைப் பார்த்துத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஊராரின் உடம்பையெல்லாம் அளக்கிற அவளுக்குத் தன் உடம்பின் மேல் ஒரே ஒரு பெருமை உண்டு. நான்கு வருடமாக அதே ஆறு சட்டைகள், ஒன்றுகூட இறுக்கவில்லை.

அன்று பச்சைச் சட்டைக்குப் பித்தான் தைக்க உட்புறம் திருப்பியவள் திடுக்கிட்டாள். பக்கத் தையல் அவள் போட்டதில்லை. அவள் போட்ட தையலின் ஊசித்தடம் அரை அங்குலம் உள்ளே தள்ளி, புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மற்ற ஐந்தையும் புரட்டினாள். எல்லாவற்றையும் யாரோ பிரித்து அகலமாக்கியிருந்தார்கள்.

வீட்டில் தையல் தெரிந்த இன்னொருத்தி தங்கச்சிதான். அவளோ இவளைவிட ஒரு சுற்றுப் பெருத்தவள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

"என் சட்டையெல்லாம் திருட்டுத்தனமா போட்டுக்கிட்டுத் திரியிறியா?"

தங்கச்சி மெஷினை நிறுத்தினாள். "உன் சட்டை எனக்கு எதுக்குக்கா? உனக்காகத்தான் பிரிச்சுத் தைச்சேன்."

"நான் கேட்டேனா?"

"நீ எங்க கேப்ப? சட்டை இறுக்குனா சாப்பாட்ட நிறுத்திடுவ. நாலு வருசத்துக்கு முன்ன பதினோரு நாள் வெறும் டீயில இருந்து, கத்திரிக்கோலோட மயங்கி விழுந்தியே, மறந்துட்டியா?"

அக்காவுக்கு முகம் எரிந்தது. பெருமை போனது ஒருபக்கம். இவளும் எல்லாரையும் போல நம் உடம்பைக் கண்ணால் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அதைவிடச் சுட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். ஆனால் இந்த நான்கு வருடமும் பசித்த நேரத்தில் சாப்பிட்டதும், ஒருநாளும் தலை சுற்றாததும் ஞாபகம் வந்து தொலைத்தது. திரும்பி வந்தாள்.

"பிரிச்சு விட உள்ள இன்னும் துணி இருக்கா?"

"இல்லக்கா. தையல் எல்லாம் ஓரத்துக்கு வந்துடுச்சு. அடுத்து என்ன செய்யிறதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல."

அக்கா டேப்பை எடுத்து நீட்டினாள்.

"அளவெடு. குறைச்சுச் சொல்லாத. புதுசா தைப்போம்."

தங்கச்சி டேப்பை வாங்காமல் அவளையே சந்தேகமாகப் பார்த்தாள். "சாப்பாட்ட நிறுத்த மாட்டியே?"

"தெரியல," என்றாள் அக்கா. "சாப்பிடும்போது பக்கத்துல உக்காரு."